புயல் சாமானுக்கு இரண்டு போட்டோக்கொப்பி

என் இடத்தில் இப்போது வேலைக்கு நிற்கிற தர்சிகா போன கிழமை போன் எடுத்தாள்.

“அன்ரி, ஒரு விசயம் கேக்கட்டே? நாளைக்குப் புயல் நாள் தொடங்குது. இண்டைக்கே மூண்டு பேர் வந்து போட்டோக்கொப்பியை நீட்டுகினம். ஒரு ரோச் லைற் வாங்கிறதுக்கு எதுக்கு வதிவிடக் கடதாசி?”

“நீ என்ன சொன்னனீ?”

“வேண்டாமெண்டன். ஒரு ஐயா கோவிச்சுக்கொண்டு போட்டார்.”

கோபிக்காமல் என்ன செய்வார்? அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்து, பெருவிரலை நாக்கில் தொட்டுப் புரட்டி, முத்திரை குத்திக் கொடுத்தால்தான் ரோச் லைற் எரியும் என்று எங்கள் சனம் நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் நான்தான். என் முழங்கால்கள் இரண்டும் முதலில் ஓய்வுக்குப் போயின, அவற்றின் பின்னால் நானும் போனேன். இனி உண்மையைச் சொன்னால் வேலையை விட்டு நிறுத்த யாரும் இல்லை.

அது இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்கிற பழைய குடியிருப்பில், துறைமுகத்துக்குப் போகிற பக்கம் உள்ள இரும்புச்சாமான் கடை. பதினொரு வருடம் அங்கே கூட்டினேன், துடைத்தேன், ஆணி நிறுத்தேன், தள்ளுவண்டியில் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வருடம் ஆணிகளின் இத்தாலியப் பெயர்கள் வாயில் நிற்கவில்லை. அதனால் ஆட்களாக வைத்துப் பழகினேன். நீளமாய், மெல்லிசாய், தலையே இல்லாதது என் மூத்த மைத்துனர். கட்டையாய், பெரிய தலையோடு இருப்பது எங்கள் கோயில் பொருளாளர். இரண்டு பக்கமும் கூர் உள்ளது என் மாமியார். ஒரு மாதத்தில் கடை முழுவதும் எனக்குச் சொந்தக்காரராகிவிட்டது.

முதலாளி சிஞ்ஞோர் காலோஜெரோவைப் பத்ரோனே என்று கூப்பிடுவோம். இளவயதில் மாநகரசபை எழுதுவினைஞர் வேலைக்கு மூன்று தரம் சோதனை எழுதி, மூன்று தரமும் தவறியவர். அந்தக் காயம் ஆறவே இல்லை. ஆணி வாங்க வருபவரைக்கூட, “எதுக்காக?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நிறுப்பார். சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைப்பார். நன்றாகக் கோபம் வந்தால் இரண்டு தரம் துடைப்பார். மங்கை என்ற என் பெயர் அவர் வாயில் மங்கா ஆகிவிட்டது. அவர் கதைத்தது இத்தாலியன். நான் என் தமிழில்தான் எழுதுகிறேன், அதனால் வடமராட்சிக்காரர்போல் கேட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு கோடையில் புளோரிடாவில் இருந்து அவருடைய மச்சான் வந்தார். அரைக்காற்சட்டையும் கழுத்தில் கமராவுமாக மேசையில் சாய்ந்துகொண்டு அந்தக் கதையை அவர்தான் அவிழ்த்துவிட்டார். அங்கே புயல் காலத்துக்கு முன்னால் அரசாங்கமே சில நாட்களுக்கு விற்பனை வரியை விட்டுக்கொடுக்குமாம். ரோச் லைற், பற்றரி, ரேடியோ, தறப்பாள், பெற்றோல் கான், ஐஸ் பெட்டி என்று ஒரு பட்டியல் போடுவார்களாம். பட்டியலில் உள்ள சாமானுக்கு அந்த நாட்களில் வரி இல்லை.

“புயல் வரமுன்னமோ வரியை விடுகினம்?” என்று முதலாளி கேட்டார்.

“ஓம், வரமுன்னம்.”

“இஞ்சையெண்டால் புயல் வந்துபோன பிறகு, அது கொண்டுபோன கூரைக்கும் சேத்து வரி எடுப்பாங்கள்.”

மச்சான் போய்விட்டார். கதை முதலாளியின் தலைக்குள் தங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால், தன் கடையிலும் வரி இல்லாத புயல் நாட்கள் மூன்று நடத்தப்போவதாகக் கண்ணாடியில் எழுதி ஒட்டினார்.

இத்தாலியில் விற்பனை வரிக்கு ஈவா என்று பெயர். பெண்பிள்ளையின் பெயராக இருக்கிறதே, கொஞ்சம் இரக்கம் இருக்கும் என்று வந்த புதிதில் நினைத்தேன். நூற்றுக்கு இருபத்திரண்டு எடுக்கிறவளுக்கு என்ன இரக்கம்? ஒரு கடைக்காரர் தன்பாட்டில் அவளை விரட்டவும் முடியாது. வாங்குகிறவர் கட்டாவிட்டால் அந்தத் தொகையைக் கடைக்காரர்தான் தன் பொக்கற்றில் இருந்து கட்டவேண்டும். எங்கள் முதலாளியின் பொக்கற்றோ கழுவிச் சுருங்கிய பொக்கற்.

அதனால் புயல் நாள் தொடங்குவதற்கு முதல் நாள் மத்தியானம், கடையைச் சாத்தியிருந்த நேரத்தில் என்னிடம் ஒரு கட்டு ஸ்ரிக்கர் தந்தார்.

“மங்கா, பட்டியல் சாமானுக்கெல்லாம் புது விலை ஒட்டு.”

பார்த்தேன். போகப்போகிற வரி எவ்வளவோ அவ்வளவால் விலை ஏறியிருந்தது.

“பத்ரோனே, உங்கடை மச்சான் இதைச் சொல்லேல்லையே?”

கண்ணாடியைத் துடைத்தார். “அவருக்கு விமானத்துக்கு நேரம் போட்டுது. எல்லாத்தையும் சொல்லி முடிக்கேல்லை.”

ஒட்டினேன். என் கையால்தான் ஒட்டினேன், மறைக்கவில்லை. ஒரேயொரு சாமானில் மட்டும் முடியவில்லை. நிலத்தில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிற சின்ன மோட்டர் ஒன்று மேல்தட்டில் இருந்தது. அதன் பெட்டியில் யாரோ பழைய விலையைக் கறுப்பு மையால் என் உள்ளங்கை அளவுக்கு எழுதிவைத்திருந்தார்கள். ஸ்ரிக்கர் அதை மூடவில்லை, துடைத்தாலும் போகவில்லை. கடை முழுவதிலும் உண்மையாகவே வரி கழிந்த சாமான் அந்த மோட்டர் ஒன்றுதான்.

அதற்கு முந்தின ஞாயிறே கோயிலில் எங்கள் சனத்திடம் சொல்லியிருந்தேன். “வாற புதன், வியாழன், வெள்ளி எங்கடை கடையிலை புயல் சாமானுக்கு வரி இல்லை.” இவ்வளவுதான் சொன்னேன். கடதாசி என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஆனால் இத்தாலியில் வரி என்று காதில் விழுந்தால் எங்கள் சனத்தின் கை தானாகவே கோப்பைத் தேடும்.

புதன்கிழமை காலையில் கடை திறக்கப் போனால், மீன்கடை தாண்டி வரிசை நிற்கிறது. ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கோப்பு. பெர்மெஸ்ஸோ என்கிற தங்குமிட அனுமதி, வரி இலக்க அட்டை, வதிவிடச் சான்று, எல்லாவற்றிலும் மூலப்பிரதி ஒன்று, போட்டோக்கொப்பி இரண்டு. விசாவுக்காகக் கேஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோர் வாசலில், நின்று பழகிய கால்கள் அல்லவா? சண்முகம் அண்ணை ஆறு மணிக்கே வந்து, ஆட்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி, இலக்கத் துண்டும் கொடுத்துவிட்டார்.

“மங்கை அக்கா, படம் நாலு கொண்டந்தனான், காணுமோ?” என்று ஒருவர் கேட்டார்.

“பின்னாலை என்ன நிறம்?”

“வெள்ளை.”

“ஐயோ தம்பி, ரோச் லைற்றுக்கு நீலமெல்லே கேக்கினம்.”

அவர் படம் எடுக்க ஓடிவிட்டார். திருப்பிக் கூப்பிட எனக்குச் சிரிப்பு விடவில்லை.

இன்னொருவர் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் கல்யாணப் பதிவையும் கொண்டுவந்திருந்தார். “ஐஸ் பெட்டி குடும்பத்துக்கெண்டு வாங்கிறது. கேட்டாலும் கேப்பினம்.” போர்கோ வெக்கியோ இத்தாலியச் சனம் வரிசையைக் கண்டு, என்ன கொடுக்கிறார்கள் என்று கேளாமலே வந்து நின்றது. பிறகு, “இவங்கள் கடதாசியோடை நிக்கிறாங்கள், எங்களை மட்டும் விட்டிடுவினமோ?” என்று பயந்து அவர்களும் வீட்டுக்கு ஓடினார்கள்.

முதலாளி கதவடியில் நின்று பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக இத்தனை பேர் கடதாசியோடு அவர் முன்னால் நிற்கிறார்கள். கண் கலங்கிவிட்டது.

“இது ஒண்டும் தேவையில்லையெண்டு சொல்லு, மங்கா,” என்றார். குரலில் பலமில்லை.

நான் பகிடியாகத்தான் சொன்னேன். “வாங்கிப் பாருங்கோ, பத்ரோனே. கொண்டந்த கடதாசியைப் பாக்காமல் விட்டால் சனம் மனம் நொந்து போகும்.”

ஐந்து நிமிடத்தில் வாசலில் மேசை போட்டாயிற்று. முதலாளி கோற் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொப்பியை வாங்குவார், வெளிச்சத்தில் பிடிப்பார், மூலப்பிரதியோடு ஒப்பிடுவார், தலையாட்டுவார், முத்திரை குத்துவார். கடையில் இருந்தது ஒரேயொரு முத்திரை. ‘திறந்த பெயின்ற் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று அதில் இருந்தது. அன்றைக்கு முத்திரை பெற்ற அத்தனை பேரும் அதை மடிப்பு விழாமல் கோப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

விலை ஏறியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இத்தனை கஷ்டப்பட்டுக் கிடைத்தது மலிவாகத்தானே இருக்கும்?

வியாழன் காலையில் அந்த மோட்டருக்குச் சண்டை வந்தது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். அங்கேதான் நான் இரண்டாவது பகிடியை விட்டேன்.

“ஆர் எத்தினையாம் மாடியெண்டு பாருங்கோ, பத்ரோனே. மேல்மாடிக்காரருக்கு ஏன் மோட்டர்? மீன் வளக்கவோ?”

அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்தார். ‘மோட்டர்: நிலத்தளத்தில் வதிபவருக்கு மட்டும். வதிவிடச் சான்று அவசியம். சான்றில் உள்ள விலாசத்துக்கு இலவசமாகக் கொண்டுவந்து தரப்படும்’ என்று எழுதி ஒட்டினார். மூன்று பேரும் மேல்மாடிக்காரர். போய்விட்டார்கள். நல்ல சட்டம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. மத்தியானம் சிவமலர் வந்தாள்.

சிவமலர் வன்னிப் பிள்ளை. ஊரில் சண்டை முடிந்து, முகாமில் இருந்துவிட்டு இத்தாலிக்கு வந்தவள். பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துவிட்டு, ஈரக் கையோடு நேரே வந்தாள். புருசன் மிலானோவில் ஹோட்டல் வேலை. அவள் இருந்தது கடைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, பதினான்காம் இலக்கத்தில். தெருவில் இருந்து மூன்று படி கீழே இறங்கினால் ஒரே அறை, ஒரே கதவு. அந்த அறையில் அவளுடைய மாமியார் பாரிசவாதத்தில் கட்டிலோடு கிடந்தார். மழை பெய்தால் நிலத்தில் உள்ள வடிகால் ஓட்டையால் தண்ணீர் மேலே வரும். போன மாரியில் மெத்தை வரைக்கும் வந்துவிட்டது. சிவமலர் வேலையால் வந்து பார்க்கும்போது மாமியார் நனைந்த மெத்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். வெள்ளிக்கிழமைக்கு மழை எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். மோட்டர் மலிவு, வந்து எடு என்று அவளுக்குச் சொன்னவள் நான்.

முதலாளி அவளுடைய சான்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

“பல்லரோ. நாலாம் மாடி.”

“அது என்ரை தமையன்ரை வீடு. நான் இருக்கிறது இஞ்சை, கீழ்வீட்டிலை. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தாறேல்லை. அதாலை இஞ்சை பதியேலாது.”

“வீட்டுக்காரர் ஆர்?”

“தெரியாது. வாடகைக்கு ஒரு ஆளை அனுப்புவார். நான் ஒருநாளும் காணேல்லை.”

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். “சிஞ்ஞோரா, இந்தக் கடதாசியின்படி நீங்கள் நாலாம் மாடியிலை இருக்கிறியள். நாலாம் மாடிக்குத் தண்ணி வராது.”

“நான் கடதாசியிலை படுக்கிறேல்லையே.”

நான் இடையில் புகுந்தேன். “பத்ரோனே, எனக்கு அந்த வீடு தெரியும். வெள்ளிக்கு வெள்ளி அங்கைதான் பிட்டுச் சாப்பிடுறனான்.”

“பிட்டுக்குச் சான்று இருக்கோ? மாடியைப் பாக்கச் சொன்னது நீதானே, மங்கா?” என்றார். இரண்டாம் தரம் துடைத்தார்.

பாவப்பட்டு ஒரு தறப்பாளை எடுத்து நீட்டினார். சிவமலர் அதைத் தொடவில்லை.

“தறப்பாளுக்குக் கீழை இருந்தது காணும் எண்டு சொல்லுங்கோ, அன்ரி. அது மேலையிருந்து வாற தண்ணிக்கு. எனக்கு வாறது கீழையிருந்து.”

போய்விட்டாள். என் இரண்டு பகிடிகளும் என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றன. பின்னேரம் முழுவதும் முதலாளியைச் சுற்றிச் சுற்றிக் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. மூன்று தரம் தவறிய சோதனையில் இப்போதுதான் சித்தியடைந்திருந்தார், அதை விடுவாரா?

கடை பூட்டுகிற நேரம் ஒரு சட்டத்தரணி வந்தார். அவ்வொக்காத்தோ என்று சொல்லி எல்லோரும் எழும்பி நிற்கிற ஆள். கடற்கரையில் பெரிய வீடு என்று தெருவே சொல்லும். மினுங்குகிற சப்பாத்து. மோட்டர் பெட்டியில் உள்ள கறுப்பு மையைப் பார்த்தார், பக்கத்துச் சாமான்களின் ஸ்ரிக்கரை நகத்தால் கிளப்பி அடியில் இருந்த விலையைப் பார்த்தார், ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். கடையில் எது உண்மையான மலிவு என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். படித்தவர்.

“இது எனக்கு.”

“நிலத்தளமோ, அவ்வொக்காத்தோ?”

சான்றை எடுத்து நீட்டினார். நிலத்தளம்தான். முதலாளி எழும்பி நின்று முத்திரை குத்தினார். தெருவில் சட்டத்தரணியின் கார் வழியை மறித்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்றவன் ஹோனை அமத்திக்கொண்டே இருந்தான்.

“நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கோ,” என்று காசைக் கட்டிவிட்டு ஓடினார்.

முதலாளி துண்டில் விலாசத்தை எழுதி என்னிடம் தந்தார். எனக்கு இத்தாலிய எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒழுங்கையின் பெயர் நான் தினமும் நடக்கிற பெயர். இலக்கம் பதினான்கு.

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே அறை, ஒரே கதவு. சிவமலரும் மாமியாரும் கிடக்கிற அந்தக் குழிக்குள் கடதாசியின்படி இந்தச் சட்டத்தரணியும் வதிகிறார். எனக்கு மெல்ல மெல்ல வெளித்தது, சிவமலர் ஒருநாளும் காணாத வீட்டுக்காரர் இவர்தான். தான் வதிகிற வீட்டுக்கு இந்த நாட்டில் வரிச் சலுகை, இரண்டாவது வீட்டுக்கு வரி கூட. மனுசியைக் கடற்கரை வீட்டில் பதிந்து, தன்னைப் பாதாளத்தில் பதிந்துவிட்டார். அவர் அங்கே இருப்பதால் சிவமலர் அங்கே இருக்க முடியாது. அதனால்தான் ஒப்பந்தமும் இல்லை.

“பத்ரோனே,” என்று நல்ல பிள்ளையாகக் கேட்டேன், “இதைக் கடதாசியிலை இருக்கிற விலாசத்துக்கோ கொண்டுபோறது? இல்லாட்டி அவ்வொக்காத்தோ வேறை எங்கையும் இருப்பாரோ?”

“எத்தினை தரம் சொல்றது? கடதாசியிலை என்ன இருக்கோ, அதுதான் விலாசம்!”

“ஆர் கையெழுத்து வைச்சு எடுக்கிறது?”

“வீட்டிலை ஆர் இருக்கினமோ அவை.”

“இதையும் துண்டிலை எழுதி ஒரு முத்திரை குத்திவிடுங்கோவன். எனக்கு மறதி.”

குத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் ஈயச்சட்டி மாதிரி இருந்தது. தள்ளுவண்டியோடு பதினான்காம் இலக்கத்துக்குப் போனேன். சிவமலர் கட்டில் கால்களைப் பெயின்ற் தகரங்களில் ஏற்றிக்கொண்டு நின்றாள்.

“அன்ரி! இதென்ன?”

“இஞ்சை இருக்கிற ஆம்பிளை வாங்கி அனுப்பினவர்.”

“எந்த ஆம்பிளை?”

“உன்னோடை இந்த அறையிலை இருக்கிறாரே, அவர்.”

“என்ன கதை கதைக்கிறியள்? என்ரை மனுசன் மிலானோவிலையெல்லே!”

“அது உன்ரை கணக்கு. கடதாசியின்படி இஞ்சை ஒரு அவ்வொக்காத்தோ இருக்கிறார், பிள்ளை. நல்ல சப்பாத்து.”

கட்டிலில் இருந்து மாமியாரின் குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் சொல் தெளிவாகத்தான் விழுந்தது. “அவரும் வாடகையிலை பங்கு குடுக்கிறாரோ எண்டு கேள், பிள்ளை.”

கதையை விளங்கப்படுத்தினேன். சிவமலர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “எழுப்பிவிட்டா, அன்ரி? மாமியைக் கொண்டு எங்கை போவன்?”

“எழுப்பிறதெண்டால் நீ இஞ்சை இருக்கிறியெண்டு அவர் சொல்லவேணும். அதைச் சொன்னால் தான் இஞ்சை இல்லையெண்டும் சொல்லவேணும். வை கையெழுத்தை.”

தமிழிலேயே வைத்தாள்.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. அது மழையில்லை, யாரோ மேலே இருந்து வாளி வாளியாகக் கவிழ்த்தார்கள். வடிகால் ஓட்டை முதலில் கொப்பளித்தது, பிறகு கறுப்புத் தண்ணீரைக் கக்கியது. மோட்டரைப் போட்டோம். குழாயை யன்னலால் தெருவுக்கு விட்டோம். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, அங்கேயே நின்றது, மெல்ல இறங்கியது. மூன்று மணித்தியாலம் அந்தச் சின்ன மோட்டர் உறுமிக்கொண்டு நின்றது. மெத்தை நனையவில்லை. மாமியார் இடையில் நித்திரையும் கொண்டார், குறட்டை மோட்டரை வென்றது.

அடுத்த நாள் சட்டத்தரணி கடைக்கு வந்தார். சப்பாத்து நனைந்து பஞ்சாகியிருந்தது. கடற்கரை வீட்டின் நிலவறைக்குள் தண்ணீர் நிற்கிறதாம். கடையில் நாலைந்து சனம். பூட்டு வாங்க வந்த, யார் எந்த வீட்டில் வதிகிறார் என்று சோதிக்கிற மாநகரப் பொலிஸ்காரர் ஒருவரும் சீருடையோடு நின்றார்.

“என்ரை மோட்டர் எங்கை?”

முதலாளி இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் கோப்பைத் திறந்தார். சான்றின் கொப்பி. முத்திரை. விநியோகத் துண்டு. முத்திரை. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.

“உங்கடை வீட்டிலை குடுத்தாச்சு, அவ்வொக்காத்தோ. வெள்ளி காலமை.”

அவர் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஆர்?”

தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நான் சொன்னேன். “வீட்டிலை இருந்த பிள்ளை. ஒரு வயதுபோனவாவும் படுத்திருந்தவா. உங்கடை வீட்டிலை ஆர் இருக்கினமெண்டு உங்களுக்குத் தெரியாதோ, அவ்வொக்காத்தோ? இல்லாட்டி நீங்கள் வேறை எங்கையும் இருக்கிறியளோ?”

பொலிஸ்காரர் பூட்டைப் பார்ப்பதை நிறுத்தினார்.

சட்டத்தரணி என்னைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். “இல்லை, இல்லை. சரி. வீட்டுக்குத்தான் வந்தது. நான்தான் கவனிக்கேல்லை.”

“வேறை என்ன வேணும்?” என்று முதலாளி கேட்டார்.

“ஒரு வாளி.”

புயல் நாள் முடிந்திருந்தது. வாளியை வரியோடுதான் வாங்கினார்.

இரண்டு மாதம் கழித்து வாடகை வாங்குகிற ஆள் ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு சிவமலரிடம் வந்தார். சட்டத்தரணி தன் பெயரை எங்கே கொண்டுபோய்ப் பதிந்தார் என்று தெரியாது. எந்தக் குழியோ.

அடுத்த வருடம் முதலாளி மறுபடியும் புயல் நாள் வைத்தார். மறுபடியும் நான்தான் ஸ்ரிக்கர் ஒட்டினேன். மறுபடியும் கோப்புகளோடு வரிசை. முதல் ஆளாகச் சிவமலர் நின்றாள். சான்றை நீட்டினாள். முதலாளி வெளிச்சத்தில் பிடித்தார். இலக்கம் பதினான்கு. நிலத்தளம். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

“என்ன சாமான் வேணும், சிஞ்ஞோரா?”

“ஒண்டும் வேண்டாம்,” என்றாள். “முத்திரையைக் குத்துங்கோ.”

பெருவிரலை நாக்கில் தொட்டுக் கொப்பியைத் திருப்பி, அதே பெயின்ற் முத்திரையை எடுத்து, கை முழுவதையும் ஊன்றிக் குத்திக் கொடுத்தார்.